இடித்தால் லாபம், காத்தால் நட்டம்

கோவை ஒப்பணக்கார வீதிக்கும் பெரியகடை வீதிக்கும் துணிமணி வாங்க வருகிற கூட்டத்தின் பார்வை கடைப் பெயர்ப்பலகைக்கு மேலே ஏறுவதில்லை. ஏறினால் வேறோர் ஊர் தெரியும். கீழே கண்ணாடியும் அலுமினியத் தகடும் போர்த்திய கடை. அதற்கு நேர் மேலே மரத்தூண் தாங்கிய மாடம், சுண்ணாம்புச் சுதையில் இழைத்த கொடியும் பூவும், கைப்பிடிச் சுவரின் நடுவே கட்டி முடித்த ஆண்டு. அந்த ஆண்டுக்குப் பக்கத்திலேயே விரிசலில் வேர்விட்ட ஓர் அரசங்கன்று. மேல்மாடி பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். இல்லாவிட்டால் அட்டைப்பெட்டிகளின் கிடங்காக இருக்கும். ராஜ வீதி, தாமஸ் வீதி, ரங்கே கவுடர் வீதி, சுக்கிரவார்பேட்டை, கோட்டைமேடு என்று டவுன்ஹாலைச் சுற்றியுள்ள பழைய கோவையில் எங்கும் இதே நிலைதான். அவ்வப்போது ஒரு கட்டடத்தின்மேல் பச்சை வலை விழுகிறது. வலை விலகும்போது பழையது இருப்பதில்லை. உரிமையாளரின் பேராசை என்றோ ரசனைக் குறைவு என்றோ இதைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது. நம் வரிச் சட்டங்களும் கட்டட விதிகளும் இடிப்பவருக்கு ஊக்கத்தொகை கொடுக்கின்றன. பழுதுபார்த்துக் காப்பவரிடம் அபராதம் வசூலிக்கின்றன. இந்தக் கணக்கைத் திருப்பிப் போடாதவரை எந்தப் பட்டியலும் தடையாணையும் பழைய கோவையைக் காப்பாற்றாது.

முதலில் கட்டட விதியை எடுத்துக்கொள்வோம். பழைய வீதியில் ஐந்து சென்ட் மனை என்றால் 2,178 சதுர அடி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தபோது, சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்ந்தது. அதாவது அதே ஐந்து சென்டில் முன்பு 3,267 சதுர அடி கட்டலாம் என்றிருந்தது, ஒரே அறிவிப்பில் 4,356 சதுர அடி ஆகிவிட்டது. முற்றமும் மாடமும் வைத்துக் கட்டிய பழைய இரண்டடுக்குக் கட்டடத்தில் மொத்தம் 2,500 சதுர அடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை அப்படியே வைத்திருப்பவர் கிட்டத்தட்ட 1,850 சதுர அடியைத் தினமும் இழந்துகொண்டிருப்பதாகத்தான் எந்தக் கட்டுமானக்காரரும் அவரிடம் சொல்வார். வீடுகள் பெருகவேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் செய்த மாற்றம் அது. ஆனால் பழைய கட்டடங்களைப் பொறுத்தவரை, அரசு கையெழுத்திட்டுக் கொடுத்த இடிப்பு மானியமாகவே அது வேலைசெய்கிறது.

அடுத்தது சொத்து வரி. 2022 ஏப்ரலில் தமிழகம் முழுவதும் சொத்து வரி சீரமைக்கப்பட்டபோது, சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதம் என்று உயர்வு வகுக்கப்பட்டது. வணிகக் கட்டடங்களுக்கும் 100 சதவீதம். பெரிய வீட்டில் இருப்பவர் வசதியானவர் என்ற அனுமானத்தில் பிறந்த அளவுகோல் இது. தாத்தா கட்டிய பெரிய வீட்டின் முன்கட்டில் பேரன் மட்டும் குடியிருந்து பின்கட்டு ஒழுகிக்கொண்டிருக்கும் நிலையை இந்த அளவுகோல் கண்டுகொள்வதில்லை. இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது: அவர் கடன் வாங்கிப் பழுதுபார்த்து, முன்கட்டை ஒரு காப்பிக்கடைக்கோ கைத்தறி விற்பனையகத்துக்கோ வாடகைக்கு விட்டால், குடியிருப்பு வரி வணிக வரியாக மாறி ஏறுகிறது. பாழடைய விட்டிருந்தால் பழைய வரியே தொடர்ந்திருக்கும்.

மத்திய அரசின் வரிகளிலும் இதே போக்குதான். வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் அனுமதிக்கிறது. 2025-இல் நிறைவேறிய புதிய சட்டத்திலும் இது அப்படியே தொடர்கிறது. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் கூரை ஒழுகவிட்டு வாடகை வாங்குபவருக்கும் 30 சதவீதம். உத்தரத்தை மாற்றி, ஓட்டைப் பிரித்து மேய்ந்து, சுவரைச் சுண்ணாம்பில் மறுபடி பூசியவருக்கும் அதே 30 சதவீதம். பராமரிப்புக்கென்று பெயர்சூட்டிய கழிவு, பராமரிக்காதவருக்கே முழு லாபமாகப் போய்ச்சேர்கிறது. ஜிஎஸ்டியில் பழுதுபார்ப்பு ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம் கட்டவேண்டும். கடையை வாடகைக்கு விடும்போது வாடகைமீது மறுபடி 18 சதவீதம் வசூலிக்கவேண்டும். ஆனால் முன்னதைப் பின்னதில் கழித்துக்கொள்ள முடியாது. கட்டடத்தைப் புதுப்பிப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும், கணக்கில் மூலதனமாகக் காட்டும் பழுதுபார்ப்புக்கும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று சட்டமே பெயர்சொல்லித் தடுத்திருக்கிறது. புதிய கட்டடத்துக்கும் இந்தத் தடை உண்டு என்பது உண்மை. ஆனால் புதியது கட்டுபவருக்கு அந்த நட்டத்தை ஈடுகட்டக் கூடுதல் தளங்கள் இருக்கின்றன. பழையதைக் காப்பவருக்கு எதுவும் இல்லை.

பழமையைக் காப்பதற்கு வரிச்சலுகை தரக்கூடாது என்று நம் சட்டம் கொள்கை ஏதும் வகுத்திருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. வரலாற்றுச் சிறப்புடையதாக அரசு அறிவித்த கோயில், பள்ளிவாசல், தேவாலயம், குருத்வாரா போன்றவற்றின் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தால் அதில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் வழிசெய்திருக்கிறது. பொது மதிப்புடைய பழங்கட்டடத்துக்குத் தனியார் செய்யும் செலவில் அரசு ஒரு பங்கை ஏற்கலாம் என்ற கோட்பாட்டை நாம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டோம். கோனியம்மன் கோயில் கோபுரத்துக்குப் பொருந்துகிற அந்த நியாயம், அந்தக் கோயிலின் தேர் சுற்றிவரும் வீதிகளின் கட்டடங்களுக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

இந்த வீதிகளில் அப்படி என்னதான் இருக்கிறது? அரண்மனைகள் இல்லை, மாமன்னர் கல்வெட்டுகள் இல்லை. ஆனால் தன் கையால் பொருளீட்டி எழுந்த ஒரு நகரத்தின் முழு வரலாறும் இருக்கிறது. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் தொடங்கிய நூற்பாலை, விக்டோரியா மகாராணியின் பொன்விழா நினைவாக எழுப்பி 1892-இல் முடித்த டவுன்ஹால், 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் பருத்தி வியாபாரிகளின் கையில் புழங்கிய பணத்தில் எழுந்த இரண்டடுக்குக் கடைவீடுகள், தேவாங்கர்களின் தறிவீடுகள், கோட்டைமேட்டு முஸ்லிம் வணிகர்களின் வீடுகள் என்று ஒவ்வொன்றும் ஒரு காலகட்டத்துக்குச் சாட்சி. அதே கோட்டைமேட்டில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். தென்னாட்டுச் சினிமா வரலாற்றை எழுதும் எவரும் அந்தக் கட்டடத்தைத் தவிர்க்க முடியாது. பின்னாளில் டிலைட் என்ற பெயரில் ஓடிய அந்த அரங்கு அண்மை ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம். இதே திரையரங்கு, பழுதுபார்ப்புச் செலவில் ஒரு பங்கை வரியில் திரும்பத் தரும் நாட்டில் இருந்திருந்தால், இடிப்பதா வைப்பதா என்று யோசிக்கவாவது உரிமையாளருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

தடைச்சட்டம் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்குச் சென்னை அண்ணா சாலையிலேயே பதில் இருக்கிறது. 1897-இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்க எல்ஐசி நிறுவனம் 2006-இல் முற்பட்டது. மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் சென்றது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டடத்தைக் காக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. சென்னையின் மரபுக் கட்டடங்களுக்கென்று தனிக்குழு அமைந்ததும் அந்தத் தீர்ப்பின் விளைவுதான். மகத்தான வெற்றி. ஆனால் அந்தக் கட்டடம் அதன்பின் ஆண்டுக்கணக்கில் கூரை இழந்து, செடி முளைத்து, தகடு வேலிக்குள் நின்றது. இடிக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லலாம். பழுதுபார்க்கப் பணம் எங்கிருந்து வரும் என்பதை அதனால் சொல்ல முடியாது. பெரும் காப்பீட்டு நிறுவனத்தின் சொத்துக்கே இந்தக் கதி என்றால், பெரியகடை வீதியில் அண்ணன் தம்பி நான்குபேர் பங்கில் இருக்கும் கட்டடத்தை வெறும் தடையாணை என்ன செய்யும்? மழையையும் கறையானையும் வைத்து மெதுவாக இடிக்கும். தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறி, நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆனது. பட்டியலில் பெயர் சேர்ந்தால் சொத்தின் விலை இறங்கிவிடும் என்ற அச்சம் உரிமையாளர்களுக்கு இருக்கிறது. தங்கள் கட்டடம் பட்டியலில் சேரவேண்டும் என்று அவர்களே மனுக்கொடுக்கும்படி செய்வதுதான் வரிச்சலுகையின் வேலை.

அமெரிக்கா இதைக் கற்றுக்கொண்ட விதம் நமக்கு நேரடியாகப் பயன்படும். அங்கும் ஒரு காலத்தில் பழைய கட்டடத்தை இடிக்கும் செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ள வரிச்சட்டம் அனுமதித்தது. நகரங்களின் நடுப்பகுதிகள் வாகன நிறுத்துமிடங்களாக வெறிச்சோடியபின் 1976-இல் சட்டத்தைத் திருப்பினார்கள்: பட்டியலில் உள்ள கட்டடத்தை இடித்தால் கழிவு இல்லை, புதுப்பித்தால் உண்டு. 1981-இல் புதுப்பிப்புச் செலவில் 25 சதவீதத்தை வரியிலிருந்தே நேராகக் கழிக்கலாம் என்றானது; 1986-இல் அது 20 சதவீதமாகக் குறைந்து இன்றுவரை நிற்கிறது. வருமானம் ஈட்டும் கட்டடத்துக்கு மட்டுமே சலுகை. வேலை தரமாக நடந்திருக்கிறதா என்று தேசியப் பூங்காத் துறை சரிபார்த்துச் சான்று தரவேண்டும். செலவு கட்டடத்தின் கணக்கு மதிப்பையே தாண்டவேண்டும். பெயின்ட் அடித்துவிட்டு வந்து நிற்க முடியாது. ஐந்து ஆண்டுக்குள் விற்றால் சலுகையைத் திருப்பிக் கட்டவேண்டும். இந்தத் திட்டத்தில் 45,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் மறுவாழ்வு பெற்றிருக்கின்றன. தனியார் முதலீடு பத்தாயிரம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கோவைக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்கவேண்டியது வட கரோலினாவை. நூற்பாலைகளால் வளர்ந்து, ஆலைகள் மூடியபின் தள்ளாடிய மாநிலம் அது. மூடிக்கிடந்த ஆலைக் கட்டடங்களுக்கென்றே 2006-இல் அது தனியாக ஒரு மாநில வரிச்சலுகை கொண்டுவந்தது. டர்ஹம் நகரில் பாழடைந்து கிடந்த புகையிலைத் தொழிற்சாலை இன்று அலுவலகங்களும் உணவகங்களும் நிறைந்த வளாகமாக இருப்பதில் வரிச்சலுகைக்குப் பெரும் பங்குண்டு.

நம் நாட்டிலும் துண்டு துண்டாக முயற்சிகள் நடந்திருக்கின்றன. மும்பை 1995-லேயே மரபுக் கட்டட விதிகளைக் கொண்டுவந்து, கட்டாமல் விட்ட தளப்பரப்பை வேறிடத்துக்கு மாற்றி விற்கும் உரிமையை உரிமையாளருக்குக் கொடுத்தது. கொல்கத்தா மாநகராட்சிச் சட்டத்தில் மரபுக் கட்டடத்துக்குச் சொத்து வரியில் முழுதாகவோ பகுதியாகவோ விலக்களிக்க இடமிருக்கிறது. புதுச்சேரியின் தமிழ்ப் பகுதியில், வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு செலவில் ஒரு பங்கை ஏற்று வீட்டு முகப்புகளைச் சீர்செய்தார்கள். வீட்டுக்காரர்கள் மீதிப் பங்கைத் தாங்களே போட்டார்கள் என்பதுதான் அதில் பாடம். கைக்காசும் சேர்ந்தால் தொடர்ந்து பராமரிக்கும் அக்கறை வருகிறது.

கோவை மாநகராட்சி இதைச் செய்ய டெல்லியின் அனுமதிக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. மாமன்றத் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் போதும். டவுன்ஹாலைச் சுற்றிய பழைய வார்டுகளில் 75 ஆண்டுகளைத் தாண்டிய கட்டடங்களின் பட்டியலை வெளியிடலாம். அதில் உள்ள ஒரு கட்டடத்தை உரிமையாளர் பழுதுபார்த்து முடித்து, கட்டமைப்புப் பொறியாளரும் மரபுக் கட்டடக் கலைஞரும் சான்று தந்தபின், பத்து ஆண்டுகளுக்குச் சொத்து வரி பாதியாகட்டும். அந்தப் பத்து ஆண்டுகளில் வீடு கடையானாலும் தங்கும் விடுதியானாலும் வரி வகை மாறவேண்டாம். காலக்கெடுவுக்குள் இடித்தால் தள்ளுபடி செய்த தொகை முழுவதையும் வட்டியோடு திரும்ப வசூலிக்கவேண்டும். சலுகை ஆளுக்கு என்று இல்லாமல் வரிவிதிப்பு எண்ணோடு ஒட்டியிருந்தால், சொத்து கைமாறினாலும் பொறுப்பு கைநழுவாது. வேலை முடிந்தபிறகே சலுகை என்பதால், பணத்தை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிடும் வழக்கமான மானிய முறைகேட்டுக்கும் இடமில்லை.

இதோடு, கட்டாமல் விட்ட அந்த 1,850 சதுர அடிக்கும் விலை கிடைக்கவேண்டும். சாலைக்கு நிலம் கொடுப்பவர்களுக்கு வளர்ச்சி உரிமைச் சான்றிதழ் தரும் முறை தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதை மரபுக் கட்டடங்களுக்கும் விரித்து, அவிநாசி ரோட்டிலும் சரவணம்பட்டியிலும் அடுக்குமாடி எழுப்புபவர்கள் வாங்கிக்கொள்ளும்படி செய்யலாம். கூடுதல் தளத்துக்காக அவர்கள் அரசுக்குக் கட்டணம் செலுத்தத்தான் செய்கிறார்கள்; அதில் ஒரு பகுதி பழைய ஊரின் கூரைகளுக்குப் போகட்டும். இதில் பலர் கவனிக்காத ஒரு நன்மையும் இருக்கிறது. பழைய கட்டடங்கள் பல, வாரிசுகள் பெருகி, பாகப்பிரிவினை வழக்கில் சிக்கிக்கொண்டவை. ஏழுபேர் பங்குள்ள வீட்டை ஏழாக அறுக்க முடியாது. இடித்து நிலமாக்கினால்தான் விற்றுப் பிரிக்கலாம் என்பதால்தான் பாதி வீடுகள் விழுகின்றன. வளர்ச்சி உரிமைச் சான்றிதழைப் பணமாக்கிப் பிரித்துக்கொள்ளலாம். வீடு நிற்கும், ஒருவரிடம் இருக்கும். கொங்கு கிராமங்களின் தொட்டிக்கட்டு வீடுகளுக்கும், ஈரோடு, தாராபுரம், பொள்ளாச்சிக் கடைவீதிகளுக்கும் இதே நோய் இருப்பதால் இதே மருந்து பொருந்தும்.

வாகன நிறுத்துமிட விதியையும் தளர்த்தவேண்டும். நூறு ஆண்டுக்கு முன் மாட்டுவண்டிக்கு அளவெடுத்த வீதியில் கட்டிய வீட்டுக்குள் கார் நிறுத்த இடம் காட்டு என்றால், முன்சுவரை உடைக்கத்தான் வேண்டும். தமிழர்கள் நன்கறிந்த சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவை 1989-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தபோது, நிலத்துக்குத் தவிக்கும் அந்த நாட்டிலேயே பழைய கடைவீடுகளைச் சீரமைப்பவர்களுக்கு நிறுத்துமிடக் குறைபாட்டுக் கட்டணத்தையும் வளர்ச்சிக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்தார்கள். சிராங்கூன் சாலையின் வண்ணக் கடைவீடுகள் இன்று நிற்பதற்குப் பின்னால் இந்த உலர்ந்த கட்டண விதிகள் இருக்கின்றன.

சான்று என்பதை வெறும் காகிதமாக விடக்கூடாது. பழைய கட்டடத்தை அழிப்பவற்றில் முதலிடம் தவறான பழுதுபார்ப்புக்குத்தான். இந்த வீதிகளின் சுவர்கள் சுட்ட செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தவை. சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசிய சுவர், மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் இறுகிய அந்தப் படலத்துக்குப் பின்னால் ஈரம் அடைபடுகிறது. செங்கலில் உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்கிறது. பதிந்திருக்கும் உத்தரத்தின் முனை உளுக்கிறது. ஓரிரு மழைக்குப் பிறகு பொறியாளர் வந்து பார்த்து, கட்டடம் பலவீனம், இடிப்பதே நல்லது என்று எழுதிக்கொடுக்கிறார். சிமென்டைவிடச் சுண்ணாம்பு வேலைக்கு நாள் அதிகம், ஆள் அதிகம், கைத்தேர்ச்சி அதிகம். அந்தக் கூடுதல் செலவுக்குத்தான் வரிச்சலுகை. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்களும், பழைய மூட்டைப் பிரித்து மறுபடி பூட்டத் தெரிந்த ஆசாரிகளும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். தொடர்ச்சியாக வேலை கிடைக்கும் என்று தெரிந்தால்தான் அவர்களிடம் சேர்ந்து கற்க இளைஞர்கள் வருவார்கள்.

மாநகராட்சிக்கு வருவாய் இழப்பு ஏற்படும் என்பது முதல் எதிர்ப்பாக வரும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் சொத்து வரியை முன்கூட்டிக் கட்டுபவர்களுக்கு 5 சதவீத ஊக்கத்தொகையை மாநகராட்சி ஏற்கெனவே தருகிறது. வசூல் பெருகும் என்பதால் அதை யாரும் இழப்பாக எண்ணுவதில்லை. பூட்டிய மேல்மாடியிலிருந்து இன்று வருவது சொற்பம். அது திறந்து கடையும் அலுவலகமும் ஆனால் தொழில் வரியும் உரிமக் கட்டணமும் வரும். மாநில அரசுக்கு வாடகையிலும் விற்பனையிலும் ஜிஎஸ்டி பங்கு வரும். பத்து ஆண்டு கழித்து முழு வணிக வரியும் வரும். சில நூறு கட்டடங்களுக்குமேல் போகாத ஒரு திட்டத்தால் மாநகராட்சியின் கஜானா ஆடிவிடாது. 2016-இல் முதல் பட்டியலிலேயே பொலிவுறு நகரமாகத் தேர்வான கோவையில், உக்கடம் பெரியகுளம் முதலான குளக்கரைகளுக்கும் மாதிரிச் சாலைகளுக்கும் பெரும் பொதுப்பணம் செலவானது. பழைய கடைவீதிகளுக்கு அரசு பணம் போடவேண்டும் என்றுகூட இங்கே கேட்கவில்லை; தனியார் போடும் பணத்தைத் தண்டிக்காமல் இருந்தால் போதும்.

பணக்காரர்களுக்குச் சலுகையா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அமெரிக்க அனுபவமே எச்சரிக்கை. சலுகையை வாங்குவதற்கென்றே பெருநிறுவனங்கள் பெயரளவில் பங்குதாரர் ஆகின; அட்லாண்டிக் சிட்டியின் பழைய அரங்கம் ஒன்றில் அப்படி நடந்ததை 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. அதனால்தான் விற்கவும் கூறுபோடவும் தோதான வருமான வரிச் சலுகையில் தொடங்காமல், அந்தந்தக் கதவு எண்ணோடு கட்டுப்பட்ட சொத்து வரியில் தொடங்கவேண்டும் என்கிறேன். சலுகை பெறும் பரப்பளவுக்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும். குடியிருப்போரின் கதி இன்னும் முக்கியம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-இன் முடிவோடு விலகியபோது, தலைமுறைகளாகக் கடைவீடுகளில் இருந்த சிறு வியாபாரிகளும் கைவினைஞர்களும் வெளியேற நேர்ந்தது. 2008-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபின் வாடகை மேலும் ஏறியது. அங்கே சுவர்கள் பிழைத்தன, மனிதர்கள் போய்விட்டார்கள். ரங்கே கவுடர் வீதியின் மளிகை மொத்த வியாபாரமும் அதன் சுமைதூக்கும் தொழிலாளர்களும் போய்விட்டால் அந்த வீதியில் காப்பதற்கு அதிகம் மிஞ்சாது. எனவே இருக்கும் வாடகைதாரரை வெளியேற்றினாலோ, ஒப்புக்கொண்ட அளவுக்குமேல் வாடகையை உயர்த்தினாலோ சலுகை ரத்து என்பது தீர்மானத்திலேயே எழுதப்படவேண்டும். இந்த நிபந்தனையால் சில உரிமையாளர்கள் திட்டத்துக்குள் வரமாட்டார்கள். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பழைய கட்டடம் ஆபத்து என்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. காப்பாற்ற முடியாத நிலைக்குப் போய்விட்டவை சில உண்டு. ஆள்கள் நடமாடும் வீதியில் அவற்றை விட்டுவைக்கக்கூடாது. ஆனால் பெரும்பாலானவை பலவீனமடைந்தது வயதால் இல்லை, கவனிப்பாரின்றி. கட்டமைப்பு ஆய்வு கட்டாயம் என்ற நிபந்தனையோடு சலுகை வந்தால், யாரும் ஏறிப் பார்க்காத மேல்மாடிகளை முதன்முறையாகப் பொறியாளர் ஒருவர் ஏறிப் பார்ப்பார். சந்தையே பார்த்துக்கொள்ளும், அவிநாசி ரோடு லட்சுமி மில்ஸ் வளாகத்தில் பழைய ஆலைக் கட்டடங்கள் கடைவளாகமாக மாறவில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. 1910-இல் தொடங்கிய அந்த ஆலையின் வளாகம் பெரியது, உரிமை ஒரே நிறுவனத்தின் கையில், இருப்பது நகரின் மிக விலையுயர்ந்த சாலையில். பழைய கட்டடத்துக்குப் புதுப் பயன் கொடுத்தால் ஓடும் என்பதை அது நிரூபித்திருக்கிறது; பாராட்டவேண்டிய முயற்சி. அந்த வசதிகள் ஒன்றும் இல்லாத ஐந்து சென்ட்காரருக்குத்தான் கைகொடுக்கவேண்டியிருக்கிறது.

ஆலைகள் என்றதும், காலம் கடத்தக்கூடாத ஒரு விஷயம் முன்னால் நிற்கிறது. 1974-இன் தேசியமயச் சட்டத்தால் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கைக்கு வந்த கோவை ஆலைகள், சி.எஸ்.அண்ட் டபிள்யூ எனப்படும் அந்த 1888-ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் மில், பங்கஜா, முருகன், கம்போடியா, ரங்கவிலாஸ் ஆகியவை, 2020 மார்ச் ஊரடங்கில் நின்றபின் முழுமையாக மறுபடி ஓடவில்லை. தொழிலாளர்களின் நிலுவையும் வாழ்வாதாரமும்தான் அங்கே முதல் கேள்வி. அதற்கு முன்னால் செங்கல்லைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. ஆனால் இந்த நிலங்கள் ஒருநாள் ஏலத்துக்கு வரக்கூடும். மும்பையில் 1991-இல் வந்த விதி, ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்றது. 2001-இல் ஒரு திருத்தம் வந்து, கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே அந்தப் பங்கீடு என்று சுருக்கியது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஊருக்குக் கிடைக்கவேண்டிய நிலம் பெருமளவு போனது. ஆலைகள் இருந்த இடங்களில் கோபுரங்கள் எழுந்தன. ஒரு விதியின் ஒரு சொற்றொடர் நகரத்தின் நடுப்பகுதியையே மாற்றிவிட்டது.

கோவையில் நிலம் மத்திய அரசு நிறுவனத்துடையதாக இருக்கலாம்; அதில் என்ன கட்டலாம் என்று சொல்லும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. முதன்மை ஆலைக் கூடத்தையும் புகைபோக்கியையும் வைத்துக்கொண்டு மீதி நிலத்தில் கட்டுபவருக்குக் கூடுதல் தளப்பரப்பும் பத்தாண்டு வரிச்சலுகையும், அவற்றை இடிப்பவருக்கு இரண்டும் இல்லை என்று முழுமைத் திட்டத்தின் கீழ் விதி வகுக்க முடியும். 1994-ஆம் ஆண்டுத் திட்டத்துக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் காத்திருந்து, 2041-ஐ இலக்காகக் கொண்டு கோவைக்கு ஒரு முழுமைத் திட்டம் வந்திருக்கிறது. அதன் விரிவான உள்ளூர்த் திட்டங்களில் இதற்கு இடமுண்டு. ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே விதி இருந்தால், ஏலம் கேட்பவர் அதைக் கணக்கில் வைத்தே விலை சொல்வார், நீதிமன்றத்துக்கு ஓடமாட்டார். அறிவிப்புக்குப் பின் வரும் விதி, வாங்கியவரின் உரிமையைப் பறிப்பதாக வழக்காகி, தீர்ப்பு வருவதற்குள் ஆலைக்கூடத்தின் இரும்பு உத்தரங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.